வில்லோ நின்ற மூலை

வாணலியில் எண்ணெய் விட்டால் அது ஒரு பக்கமாகத்தான் ஓடும். கேரவனில் குடியேறிய முதல் குளிர்காலத்திலிருந்தே அப்படி. முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கரு தாழ்ந்த பக்கம் போய் ஒதுங்கிக்கொள்ளும், மேட்டுப் பக்கம் வெள்ளை காய்ந்து கருகும். லொரேன் வாணலியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே பொரிக்கப் பழகிவிட்டாள்.

"மறுபடியும் சாஞ்சிருச்சு, நெவில்."

"சாயங்காலம் பார்க்கிறேன்."

"போன மாசமும் பார்த்தே."

"சமையல் பக்கம் அமுங்குது. களிமண்ணு. அதுகிட்ட போய் நான் என்ன பேச?"

நெவில் பெக் கொத்தனார். பதினாறு வயதில் கரண்டி பிடித்தவன். இங்கிலாந்தின் சஃபோக்கில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் செங்கல் வைக்காத தெரு குறைவு. ஊருக்கெல்லாம் கட்டிக்கொடுத்தது போதும், நமக்கு ஒன்று கட்டுவோம் என்று, இருந்த வீட்டை விற்றுவிட்டு ஊர்க் கோடியில் இந்தத் துண்டு நிலத்தை வாங்கினான். வீடு முடிகிறவரை குடியிருக்க ஒரு பழைய கேரவனை இழுத்து வந்து போட்டான். ஊர் கவுன்சிலிடமிருந்து கட்டட அனுமதி வந்து சேர்வதற்குள் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இப்போது வானம் தோண்டியாயிற்று. நிலத்தின் நடுவே அஸ்திவாரக் குழிகள் வீட்டின் வடிவத்தில் திறந்து கிடக்கின்றன. வியாழக்கிழமை காலை கான்கிரீட் லாரி.

லொரேன் தட்டை அவன் முன்னால் வைத்தாள். "வியாழக்கிழமைக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும். குழி திறந்திருக்கும்போதே அவங்க ஆளு வந்து பார்க்கணுமாம். மூடிட்டா அப்புறம் எவனும் சீண்ட மாட்டான்."

அவள் சொன்னது பத்து வருட உத்தரவாதத்தை. அஸ்திவாரமோ சுவரோ கூரையோ பழுதானால் சரிசெய்து தருகிற காப்பீடு. வீடுகளை வரிசையாகக் கட்டி விற்கிற கம்பெனிக்காரன் எப்படியும் வாங்கித்தான் விற்பான். தன் வீட்டைத் தானே கட்டுகிறவன் வாங்கினாலும் வாங்கலாம், விட்டாலும் விடலாம். அந்த 'விட்டாலும் விடலாம்' என்பதைத்தான் நெவில் ஒரு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்டை நான் கட்டுறேன். எனக்கு எவன் உத்தரவாதம் தர்றது?"

"உனக்கில்ல. வீட்டுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான். இது எப்படி இருக்கு தெரியுமா? நீ சமைச்சு வைக்கும்போதே நான் வயித்துவலி மாத்திரை வாங்கி வச்சுக்கிற மாதிரி."

"அந்த டப்பா கல்யாணம் ஆன நாள்லேருந்து அலமாரில இருக்கு. நான் ஏதாவது சொல்லியிருக்கேனா?"

நெவில் சிரித்துவிட்டான். சிரித்தது தப்பாகப் போயிற்று. அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷம் உன் நெஞ்சுக்குள்ள குழாய் வச்சாங்க. மறந்துட்டியா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"இருக்கே. இருக்கணும். ஆனா நாளைக்கு நீ பாட்டுக்குப் போயிட்டா, பாதி கட்டின வீட்டையோ முழுசா கட்டின வீட்டையோ வச்சுக்கிட்டு நான் நிக்கணும். விக்கலாம்னு பார்த்தா, வாங்க வர்றவனோட வங்கி அந்தக் காகிதம் எங்கேன்னு கேக்கும். கிளினிக்குக்கு வர்ற ஒரு பொம்பளைக்கு இதே கதி. புருஷன் தன் கையால கட்டின வீடு. அழகான வீடு. வாங்க ஆளிருக்கு, கடன் கொடுக்க வங்கியில்ல."

லொரேன் ஊர் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவள். ஊரில் யாருக்கு எங்கே வலி என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் சும்மா பயப்படுகிற ஆள் இல்லை.

நெவில் முட்டையைச் சாப்பிட்டான். அவனுக்குள் இருந்தது வீம்பு மட்டும் இல்லை. அதை அவளிடம் அவன் சொன்னதில்லை. கொத்தனாருக்கு வேலை முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் வைத்த சுவரைப் பற்றி இன்றைக்குப் போன் வரும். "நெவில், ஜன்னலுக்கு மேல ஒரு கோடு விட்டிருக்கு, ஒரு எட்டு வந்து பார்க்கறியா?" போன் அடித்தாலே வயிறு ஒரு படி கீழே இறங்கும். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, பூச்சுதான் வெடித்திருக்கும். ஆனாலும் போய்ப் பார்த்து, விரல் நகத்தை விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை சாப்பாடு இறங்காது. இப்படி ஊரெல்லாம் அவனுடைய சுவர்கள் நிற்கின்றன. உத்தரவாதம் வாங்குவதென்றால், என் வீட்டிலிருந்தும் ஒருநாள் அந்தப் போன் வரும் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல என்று அவனுக்குப் பட்டது.

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ட்ரெவர். லொரேனின் தம்பி. ஜேசிபி ஓட்டுகிறவன், குழிகளைத் தோண்டியதும் அவன்தான். கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, கேட்காமலே டீயை ஊற்றிக்கொண்டான்.

"என்ன, இன்னும் அந்த உத்தரவாதப் பஞ்சாயத்துதானா?"

"உன்னை யாரும் கேக்கல," என்றாள் லொரேன்.

"கேக்காட்டியும் சொல்றதுக்குத்தானே வந்திருக்கேன். நெவில் வச்ச சுவத்துக்கு எவனோ ஆபீஸ்ல உக்காந்து மார்க் போடப் போறான். நல்லாருக்கு. நெவில், தலைசீவிட்டுப் போய் நில்லு. பாஸாயிட்டா மிட்டாய் வாங்கித் தர்றேன்."

"ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டும்," என்றான் நெவில். சொல்லிவிட்டு அவனே ஆச்சரியப்பட்டான். ட்ரெவரின் வாய்தான் அவனை அந்தப் பக்கம் தள்ளியிருக்க வேண்டும். "பார்க்கறதுக்கு என்ன? வாங்கறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

லொரேன் உடனே போனை எடுத்தாள். நாளைக் காலை ஆள் வருவதாகச் சொன்னார்கள்.

அன்று மாலை மழை விட்டதும் நெவில் ஜாக்கியை எடுத்துக்கொண்டு கேரவனுக்கு அடியில் ஊர்ந்து போனான். முட்டி இரண்டும் முனகின. நான்கு மூலையிலும் கான்கிரீட் கட்டைகள், அவற்றின் மேல் ஓட்டுத் துண்டுகளை அடுக்கி மட்டம் செய்திருந்தான். படுக்கைப் பக்கம் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, ஒரு ஓட்டுத் துண்டை உருவி, மறுபடி இறக்கினான். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவுக்கு வந்தது. வேலை முடிந்தது.

உருவிய துண்டை வெளியே எறியப் போனவன் நின்றான். வாசல் படிக்குப் பக்கத்தில் இதற்கு முன் உருவிய ஓடுகள் அடுக்கிக் கிடந்தன. லொரேன் அவற்றின் மேல் பால் பாட்டிலை வைப்பாள். அடுக்கு நன்றாகவே வளர்ந்திருந்தது. எல்லாம் படுக்கைப் பக்கத்திலிருந்து எடுத்தவை. சமையல் பக்கம் அமுங்குகிறது, அதைத் தூக்குவதைவிட இதை இறக்குவது சுலபம் என்று, ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கத்தில்தான் உருவியிருக்கிறான்.

அப்படியானால் கேரவன் முழுவதும் கீழே போயிருக்க வேண்டும்.

அவன் மறுபடி அடியில் போய், சமையல் பக்கம் வரை ஊர்ந்தான். பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து இறங்கும் கழிவுக் குழாய், தரைக்குள் ஆழமாகப் பதித்த குழாயோடு சேர்கிற இடம். குடிவந்த அன்று அவன் பசை தடவி ஒட்டியது. வளைவில்லை, நசுங்கலில்லை, பசை வழிந்து காய்ந்த சொட்டுகூட அப்படியே இருந்தது. அந்தக் கோடி விரலளவு அமுங்கியிருந்தாலும் அந்தக் குழாய் பிளந்திருக்கும்.

சமையல் பக்கம் அமுங்கவில்லை. படுக்கைப் பக்கம்தான் உயர்ந்துகொண்டிருக்கிறது.

அவன் ஈரமண்ணில் மல்லாந்தபடி அப்படியே கிடந்தான். படுக்கைப் பக்கத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வில்லோ. பெரிய மரம், மூன்று பேர் கைகோத்தால்தான் சுற்றிவரும். நிலம் கைக்கு வந்த அந்த வாரமே ட்ரெவர் ரம்பத்தோடு வந்துவிட்டான். வரைபடம் போட ஆள் வருவதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும், அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். மரம் நிற்கும்போது அனுமதி கேட்டால், மரத்தைத் தொடாதே என்று கவுன்சில் தடை போட்டுவிடும். மரமே இல்லையென்றால் எதற்குத் தடை? வரைபடக்காரர் வந்தபோது நிலம் மொட்டையாக இருந்தது, மொட்டையாகவே வரைந்துகொண்டு போனார். அடிமரத்தின் மேல் கேரவன் நின்றது. கவுன்சிலிலிருந்து குழி பார்க்க வந்தவரும் அந்த வரைபடத்தைத்தான் கையில் வைத்திருந்தார். களிமண் கெட்டியாக இருக்கிறது, ஆழம் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை.

வில்லோ கோடை முழுவதும் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை இப்போது குடிக்க ஆளில்லை. மண்ணே குடிக்கிறது. குடித்து வீங்குகிறது. இன்னும் எத்தனை வருடம் வீங்குமோ. இதெல்லாம் நெவிலுக்குத் தெரியாததா? மரத்தை வெட்டிவிட்டுக் கட்டிய வீடுகளில் தரை தூக்கிக் கதவு திறக்காமல் போனதை அவனே போய்ச் செதுக்கிக் கொடுத்திருக்கிறான். திரும்பி வரும்போது வண்டியில் ட்ரெவரிடம் அந்த வீட்டுக்காரர்களைப் பற்றிச் சிரித்துக்கூடப் பேசியிருக்கிறான். அதெல்லாம் அடுத்தவர்களுடைய மரம்.

அவன் கட்டப்போகும் வீட்டின் சமையலறை மூலை, அந்த அடிமரத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. கைநீட்டு தூரம்.

மறுநாள் காலை ட்ரெவர் சீக்கிரமே வந்தான். நெவில் அவனைக் குழியோரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னான். ட்ரெவர் குழிக்குள் எட்டிப் பார்த்தான். களிமண் சுவரில் முடிபோல மெல்லிய வேர்கள் தெரிந்தன. ஒரு குச்சியால் அவற்றைச் சுரண்டினான்.

"வாயைத் திறக்காதே. வர்ற ஆளு பார்த்துட்டு ஓகேன்னு சொன்னா காகிதம் வருது. லொரேனுக்கு வேண்டியது காகிதம்தானே."

"வீடு?"

"வீடு நின்னுக்கும். எத்தனை வீடு நிக்குது."

"எத்தனை வீடு நிக்கலேன்னு நான்தானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"சரி, சொல்லு. சொன்னா என்ன ஆகும்? லாரியை நிறுத்தணும். இன்ஜினியர் வரணும். மழை புடிச்சுக்கும், குழி சரியும். கவுன்சில்காரன் மரம் எங்கேம்பான். இன்னொரு குளிர்காலம் இந்தத் தகரப் பொட்டிக்குள்ள. என் அக்கா உன்னைக் கான்கிரீட்டோட சேர்த்து ஊத்திருவா."

ட்ரெவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் தொந்தரவு.

காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள் சின்ன வெள்ளைக் காரில் வந்தாள். பெயர் ப்ரோனா. முப்பத்தைந்து வயதிருக்கும், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் பக்கத்துப் பேச்சு. இறங்கியதும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். குழியைச் சுற்றி நடந்தாள், உள்ளே இறங்கினாள், கட்டைவிரலால் களிமண்ணை அழுத்திப் பார்த்தாள். லொரேன் டீக் கோப்பைகளோடு வந்து நின்றாள். அவள் முகத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் தாய்போல ஒரு இறுக்கம்.

"சுத்தமா வெட்டியிருக்கீங்க," என்றாள் ப்ரோனா. "இவ்வளவு நேரா வெட்டின குழி நான் இந்த வருஷம் பார்க்கல. யாரு?"

"நான்தான்," என்றான் ட்ரெவர். மண்ணாங்கட்டி மாதிரி இருந்தவன் முகம் மலர்ந்துவிட்டது.

"களிமண்ணும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல மரம் எதுவும் இல்லை, அது உங்க அதிர்ஷ்டம்." அவள் மேலே ஏறி வர நெவில் கைகொடுத்தான். அவள் கை அவன் கையில் இருக்கும்போதே அவன் சொன்னான்.

"ஒண்ணு இருந்துச்சு."

ட்ரெவர் வானத்தைப் பார்த்தான்.

"என்ன இருந்துச்சு?"

"வில்லோ. பெரிசு. ரெண்டு வருஷம் முன்னாடி வெட்டினோம். அந்தக் கேரவனுக்கு அடியில."

ப்ரோனா கையை விடுவித்துக்கொண்டு கேரவனைப் பார்த்தாள். பிறகு சமையலறை மூலைக் குழியைப் பார்த்தாள். மறுபடி கேரவனை. லொரேன் கோப்பைகளை இரண்டு கையிலும் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"மண்ணு தூக்குது," என்றான் நெவில். "நேத்துதான் புரிஞ்சுது. ரெண்டு வருஷமா நான் அந்தப் பக்கம் அமுங்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இந்தப் பக்கம் எழும்புது. வந்து பாருங்க, காட்டுறேன்."

இரண்டு பேரும் கேரவனுக்கு அடியில் ஊர்ந்து போனார்கள். வெளியே அவர்களுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. லொரேன் தம்பியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"காலைலதான் சொன்னான்."

"மரத்தை வெட்டினது நீதானே?"

"வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். அது தண்ணி குடிக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? அது என்கிட்ட வந்து ஒரு கோப்பை கேட்டுச்சா?"

அடியிலிருந்து ப்ரோனாவின் சிரிப்பு கேட்டது.

வெளியே வந்தபோது அவள் கோட்டின் முதுகெல்லாம் சேறு. டீயை வாங்கி, ஆறிப்போனதைப் பார்க்காமல் குடித்தாள்.

"உண்மையைச் சொல்றேன், மிஸ்டர் பெக். நீங்க சொல்லலேன்னா நான் சரின்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். அந்த வேர் ஏதோ வேலிச்செடியோடதுன்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்ப வியாழக்கிழமை லாரி வரக்கூடாது." அவள் குழியைக் காட்டினாள். "இன்ஜினியரை வச்சு மறுபடி கணக்குப் போடணும். அந்தப் பக்கம் இன்னும் ஆழமாப் போகணும், நல்லா ஆழமா. உள்பக்கம் மண்ணு தள்ளினா நசுங்கிக் கொடுக்கிற மாதிரி மெத்துப் பலகை வைக்கணும். வீட்டுத் தரை மண்ணு மேல உக்காரக்கூடாது, உத்தரம் போட்டு மேலே தூக்கிடணும். அடியில மண்ணு எவ்வளவு வேணும்னாலும் வீங்கிக்கட்டும், வீட்டைத் தொடாது."

"அப்புறம் நீங்க உத்தரவாதம் குடுப்பீங்களா?" என்று கேட்டது லொரேன்.

"அப்படிச் செஞ்சா ஏன் குடுக்க மாட்டோம்? நான் மறுபடி வந்து பார்ப்பேன். குழியைப் பார்ப்பேன், தரையைப் பார்ப்பேன், கூரை ஏறும்போது பார்ப்பேன். உங்களுக்கு என் மூஞ்சி அலுத்துப்போகும்."

"கவுன்சில்?" என்றான் ட்ரெவர், மெதுவாக.

"மரத்துக்குத் தடை ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப அது உங்க மரம். வெட்டினது தப்பில்ல. சொல்லாம விட்டதுதான். அஸ்திவாரம் மாறுதுன்னு அவங்ககிட்டயும் சொல்லிடுங்க. ஒண்ணும் கடிச்சுட மாட்டாங்க."

அவள் கார் தெரு திரும்பியதும் மூன்று பேரும் குழியோரமாக நின்றார்கள். நெவில் லொரேனின் வாயிலிருந்து வரப்போவதற்காகக் காத்திருந்தான். இன்னொரு குளிர்காலம். இன்னும் செலவு. அவள் ஆசைப்பட்ட சமையலறை அலமாரி எப்படியும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

"அப்ப ரெண்டு வருஷமா என் முட்டை ஓடினது இதுக்குத்தான்," என்றாள்.

"இதுக்குத்தான்."

"நான் தினம் காலைல சொன்னேன்."

"சொன்னே."

"ஒரு முட்டைக்குத் தெரிஞ்சது முப்பது வருஷம் மட்டம் பார்த்தவனுக்குத் தெரியல."

ட்ரெவர் முதலில் சிரித்தான். பிறகு அவள். நெவில் சிரிக்க வேண்டுமென்றுதான் வாயைத் திறந்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழைக் காற்று என்று சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டான். லொரேன் அவன் சட்டையின் முதுகிலிருந்து சேற்றைத் தட்டிவிட்டாள், தேவைக்கு மேல் பலமாக.

"போய் லாரிக்காரனுக்குப் போன் பண்ணு. அப்புறம் உத்தரவாதக்காரங்களுக்கு நான் பண்றேன். வாங்கறதா வேண்டாமான்னு இனி என்ன பேச்சு?"

"ஒரு பேச்சுமில்ல. பண்ணு."

லாரிக்காரன் போனில் திட்டினான். நெவில் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டான். திட்டு வாங்கியது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவனுக்கு முன்னால் தெரியாது.

மழை எதிர்பார்த்த அளவு பிடிக்கவில்லை. ட்ரெவர் மறுபடி ஜேசிபியை இறக்கி, இன்ஜினியர் குறித்த ஆழத்துக்கு வெட்டினான். அந்தச் சமையலறை மூலையில் நின்றால் நெவிலின் தலை வெளியே தெரியாது. மண் சரியாமல் இருக்கப் பலகை முட்டுக் கொடுத்து இறங்கினார்கள். அடியில் வேர்கள் ஒரு கட்டத்தில் நின்றுபோய், அதற்குக் கீழே நீலம் பாய்ந்த, யாரும் தொடாத களிமண் வந்தது. ப்ரோனா ஏணி வைத்து இறங்கி அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஏறி வந்து, "ஊத்துங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். லாரி வந்தது, ஊற்றியது, போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. வேலையில்லை. நெவில் எழுந்திருக்கவே நேரமாயிற்று. லொரேன் வாணலியை வைத்து எண்ணெய் விட்டாள், எண்ணெய் மெதுவாக ஒரு பக்கம் போயிற்று.

"மறுபடியும் சாஞ்சிருச்சு."

"சாயட்டும், விடு. வீடு சாயாது."

அவள் வாணலியைத் திருப்பினாள். "நெவில், இந்தப் பத்து வருஷத்துல எங்கேயாவது கீறல் விட்டா, முதல்ல யாருக்குப் போன் பண்றது?"

"எனக்குத்தான். வேற யாருக்கு?"

"நீ சுவத்தோட வாதாடிட்டு நிப்பே. நான் அந்தப் பொண்ணுக்குத்தான் பண்ணுவேன்."

"ரெண்டு பேருக்கும் பண்ணு."

சொல்லி முடிப்பதற்குள் அவன் போன் அடித்தது. பழைய வாடிக்கைக்காரர், ஆற்றங்கரை வீடு. புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஏதோ கோடு தெரிகிறதாம். நெவில் பழக்கத்தில் வயிறு இறங்குவதற்காகக் காத்திருந்தான். இறங்கவில்லை. இறங்காதா, இல்லை கொஞ்ச நேரம் கழித்து இறங்குமா, தெரியவில்லை. "திங்கட்கிழமை வர்றேன், பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். அது மேசையின் சரிவில் மெல்ல நகர்ந்தது. விழுவதற்குள் அவன் எழுந்திருக்காமலே கைநீட்டிப் பிடித்துக்கொண்டு, முட்டை வரக் காத்திருந்தான்.